வண்டியும் அப்பாவும்: ஐப்பசி, கார்த்திகை

நவம்பர் 3

எங்கள் டாடா 207 பிக்கப்பின் ஆக்சிலேட்டர் மறுபடி இறுகிவிட்டது. பாச்சலூரிலிருந்து இறங்கும்போது நன்றாகத் தெரிந்தது. காலை எடுத்தபிறகும் பெடல் உடனே மேலே வரவில்லை. பின்னால் சௌசௌ மூட்டை, எதிரே கொண்டை ஊசி வளைவு. மிதிக்கக் கனமாக இருந்தால் கால் வலிக்கும், அது போகட்டும். மிதித்தது திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் என்ன ஆவது?

ஆடியில்தான் புதுக் கேபிள் போட்டது.

அப்பா இரவு முழுக்க இருமினார்.

நவம்பர் 4

விடாத மழை. வண்டியை எடுக்கவில்லை.

நவம்பர் 5

மழை விட்டதும் பானெட்டைத் திறந்துவிட்டேன். ஆக்சிலேட்டர் கனத்தால் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம்: பெடல் ஆடுகிற அச்சு, நடுவில் ஓடும் கேபிள், டீசல் பம்பில் இருக்கும் லீவர். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

பம்ப் லீவரைக் கையால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது, விட்டதும் ஸ்பிரிங் டக்கென்று இழுத்துக்கொண்டது. பம்பில் குறை இல்லை. அங்கே சீல் வைத்த ஒரு ஸ்க்ரூ உண்டு, எஞ்சினின் உச்ச வேகத்துக்கு அதுதான் எல்லை. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பெடல் அச்சில் சேறு காய்ந்திருந்தது, துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைத்தேன். ஒரு விரலுக்கே ஆடியது. மேட் எங்கும் மடிந்து பெடலைத் தடுக்கவில்லை.

ஆக, கேபிள்தான். உள்கம்பியை இழுத்தால் வழிநெடுக உரசுகிறது. பம்ப் பக்க முனையில் இரண்டு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கட்டைவிரலில் ஏறிவிட்டது.

அப்பாவின் ஸ்கேன் ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 6

பட்டறைக்குப் போனேன். "கேபிளை மாத்துனா சரியாயிரும் தம்பி, இதுக்கா இவ்வளவு ரோசனை?" என்றார் அண்ணன். மாற்றினால் சரியாகும், எனக்கும் தெரியும். ஆடிக்கு முன்னால் கிடந்த கேபிளும் இப்படித்தானே செத்தது? அதையும் கேட்டேன். வர்றதெல்லாம் டூப்ளிகேட் என்றார். இருக்கலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

நவம்பர் 8

புதுக் கேபிள் மாட்டியாயிற்று. பெடல் லேசாக இருக்கிறது. சந்தோஷம் வரவில்லை.

நவம்பர் 9

தூக்கம் வராமல் எழுந்து, கழற்றிய கேபிளை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே இரும்புச் சுருள், அதற்குள்ளே நைலான் குழாய், அதற்குள்ளே கம்பி. அந்த நைலான் வெள்ளையாக இருக்க வேண்டும். இதில் பழுப்பேறி, உருகி, கம்பியோடு ஒட்டிக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது.

முதலில் சைலன்சர் சூடு என்றுதான் நினைத்தேன். அப்படியென்றால் எஞ்சின் புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிற இடம் மட்டும்தானே உருக வேண்டும்? இது இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மாதிரி உருகியிருக்கிறது. கேபினுக்குள், பெடலுக்கு மேலே குளுகுளுவென்று இருக்கிற பகுதியும் அப்படியே. வெளியிலிருந்து சூடு வரவில்லை. கேபிளே சூடாகியிருக்கிறது.

இரும்புக் கம்பி தானாக எப்படிச் சூடாகும்? மணி மூன்று. அப்பா விழித்துத்தான் இருக்கிறார். என்னடா பண்ற என்றார். கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செல்ஃப் அடிக்கிறப்ப இழுத்துப் புடிக்குதா?" என்றார்.

ஆமாம். ஐப்பசி பிறந்ததிலிருந்தே காலையில் முக்கித்தான் சுற்றுகிறது. பேட்டரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"எர்த்தைப் பாரு."

அதற்குமேல் இருமல் அவரைப் பேச விடவில்லை.

நவம்பர் 10

அப்பா சொன்னதுதான்!

எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரியிலிருந்து சில நூறு ஆம்பியர் எஞ்சினுக்கு வருகிறது. அது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் பின்னலாக ஒரு தடித்த எர்த் பட்டை இருக்கும். அது அறுந்தால் கரண்ட் சும்மா இருக்காது, எஞ்சினையும் பாடியையும் தொடுகிற எந்த இரும்பின் வழியாகவும் போகும். எங்கள் 207-இல் அதற்குக் கிடைத்த வழி ஆக்சிலேட்டர் கேபிள். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் எலிவளையில் பாய்கிற மாதிரி. அந்த மெல்லிய கம்பிக்கு இவ்வளவு கரண்ட் தாங்குமா? சூடேறி நைலானை உருக்குகிறது. செல்ஃப் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக.

ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்தோம். ஒரு முள் எஞ்சின் பிளாக்கில், இன்னொன்று பேட்டரி நெகட்டிவில், நான் சாவியைத் திருப்ப அவர் பார்த்தார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது மூன்றைத் தாண்டியது. நான் உடனே இறங்கிப் போய் புதுக் கேபிளைத் தொட்டேன். வெதுவெதுப்பு. எஞ்சின் இன்னும் ஓடவே இல்லை.

கியர்பாக்ஸுக்கு மேலே கைவிட்டுத் துழாவினால் பட்டை அகப்பட்டது. பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்குகிறது. மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாது.

நவம்பர் 11

ரிசல்ட் வரவில்லை. போன் பண்ணினால் நாளைக்கு என்கிறார்கள்.

நவம்பர் 12

நாளைக்கு என்கிறார்கள்.

நவம்பர் 13

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினோம். புது எர்த்துக்கு 35 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், இரண்டு பக்கமும் செம்பு லக் (முனை வளையம்) வைத்து அழுத்தியது. போல்ட் உட்காரும் இடத்தில் சேஸிஸ் பெயின்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டினேன். பெயின்டுக்கு மேல் லக்கை இறுக்கினால் புது வயர் போட்டும் பிரயோஜனம் இல்லை. பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க.

செல்ஃப் ஒரே சுற்றில் பிடித்தது. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். கஞ்சி அரைத் தம்ளர் குடித்தார்.

நவம்பர் 15

ஆடியில் போட்ட கேபிளை மாற்றிய மாதிரி இந்தப் புதுக் கேபிளையும் மாற்ற வேண்டி வருமோ? செல்ஃப் அடித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இதன் நைலானும் வெந்திருக்குமோ? கழற்றிப் பார்த்தேன். செங்குத்தாகப் பிடித்தால் உள்கம்பி தன் கனத்திலேயே வழுக்கி இறங்குகிறது. நல்லதாகத்தான் இருக்கிறது. எண்ணெய் விடச் சொன்னார்கள், விடவில்லை. நைலான் உள்ள கேபிளில் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

மாட்டும்போது பம்ப் பக்கம் துளி தளர்ச்சி விட்டேன். அதுகூட இல்லாமல் இழுத்துக் கட்டினால் ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறிவிடும். பெடலை முழுக்க மிதித்தால் லீவர் முழுக்கப் போகிறதா என்று பையனை உட்காரவைத்துப் பார்த்தேன். போகிறது.

நவம்பர் 17

கார்த்திகை. ஊரே மாலை போட்டிருக்கிறது. இனிக் காய்க்கு நல்ல கிராக்கி, கேரளா லோடும் வரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இரவு லாரி நிறுத்த இடமில்லை.

அப்பாவுக்கு இந்த வருடம் மாலை இல்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 18

பீன்ஸ் லோடோடு மலையிறங்கினேன். பெடல் காலோடு கூடவே வருகிறது. இருந்தும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்: சிக்கிக்கொண்டால் முதலில் கிளட்ச், அப்புறம் நியூட்ரல், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். ஓடும்போதே எஞ்சினை அணைக்கக் கூடாது. டீசல் வண்டியில் பிரேக்குக்கு வாக்குவம் கொடுப்பது எஞ்சின் சுற்றுகிற பம்ப். அணைத்தால் ஓரிரு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும்.

நவம்பர் 20

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) நாள் வாங்கியாயிற்று. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் காட்ட வேண்டும். லைட், ரிஃப்ளெக்டர், பெயின்ட் எல்லாம் தயார்.

நவம்பர் 21

ரிசல்ட் வந்தது. மதுரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 22

அப்பா பஸ்ஸும் வேண்டாம், காரும் வேண்டாம் என்கிறார். 207-இலேயே போகலாமாம். மீட்டரை வாங்கி வந்து எர்த்தை மறுபடி பார்த்தேன். புள்ளி ஒன்று வோல்ட்தான். நான்கு மணிக்குக் கிளம்புகிறோம், டீசல் திண்டுக்கல்லில் போட்டுக்கொள்ளலாம்.