வானியற்பியல் ஆய்வுக்குப் பிளஸ் ஒன் இயற்பியல் போதுமா? என் அனுபவம்

பத்தாம் வகுப்பு முடித்த லீவில் ஆரம்பித்தது இது. கருந்துளை, காலப்பயணம் என்று கிடைத்த வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு, வானியற்பியலில் ஆய்வு செய்ய முதலில் பொதுச் சார்பியலைத்தான் (ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டீனின் கோட்பாடு) படிக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டி, ஆறு மாதம் அதில் வரும் டென்சர் என்ற கடினமான கணிதத்தின் சமன்பாடுகளைப் புரியாமலே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளியில் படிக்கும் யாருக்காவது அந்த ஆறு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு. பள்ளிப்படிப்பு சேலத்தில், தமிழ் வழியில்.

பிளஸ் ஒன்னில் இயற்பியல் மிஸ்ஸிடம் அந்த நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "சார்பியல் அப்புறம் இருக்கட்டும்மா, முதல்ல ஒரு நட்சத்திரத்தை அளந்துட்டு வா" என்றார். அவர் சொன்ன நட்சத்திரம் அல்கால். கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே, பெர்சியஸ் மண்டலத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் ஒளிப்பொலிவு எண் 2.1-லிருந்து 3.4 வரை இறங்கி மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும். எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம். ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று மற்றதை மறைப்பதுதான் காரணம். 1783-இல் இந்தக் கால அளவைக் கணக்கிட்டு, ஏதோ ஒரு பொருள் அதை மறைக்கிறது என்ற யோசனையையும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் ஜான் குட்ரிக், காது கேளாதவர், அப்போது அவருக்கு வயது 18. நமக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதானே என்ற நினைப்பே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

சேலம் டவுனுக்குள் வானம் எப்போதும் வெளுத்துக் கிடக்கும். நல்லவேளை, பெரியப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். சேலத்து வெளிச்சம் அங்கே தெற்கு அடிவானத்தோடு நின்றுவிடும், அல்கால் இருப்பது வடக்கே. டிசம்பரில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மட்டும் ஒன்றும் தெரியாது, இரண்டு ராத்திரி அப்படியே வீணானது. மூன்றாவது முறைதான், சில்வர் ஓக் மரங்கள் மறைக்காத மொட்டை மாடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சோடு 20 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எண் குறித்தேன்.

அதிலும் தப்பு. ஒப்பிட நான் எடுத்தது பக்கத்து ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் உள்ள ஒரு நட்சத்திரம். அது மேற்கே இறங்க இறங்க அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வர வேண்டியிருப்பதால் மங்கிக்கொண்டே போனது, நானோ அல்கால் பிரகாசமாகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். இதை எனக்குப் புரியவைத்தது அப்பாதான். அவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார், எடை போடும்போது முதலில் ஃபேனை நிறுத்துவார், தராசு காலியாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் கொலுசை வைப்பார். "தராசே தப்பா இருந்தா நூறு தடவை போட்டாலும் அதே தப்புதான் வரும்" என்றார். பிளஸ் ஒன் முதல் பாடத்தில் முறையான பிழை (ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் இழுப்பது), ஒழுங்கற்ற பிழை (தடவைக்குத் தடவை முன்பின் மாறுவது) என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அந்த வித்தியாசம் எனக்கு உண்மையில் புரிந்தது அன்றைக்குத்தான். அடுத்த முறை அல்காலின் இரண்டு பக்கமும், கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கும் நட்சத்திரங்களாக எடுத்தேன்.

வரைபடத்தாளில் புள்ளி வைத்து, இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே பொலிவு இருந்த நேரங்களின் நடுப்புள்ளியை எடுத்தால், மிக மங்கலான நேரம் கிடைத்துவிடும். டிசம்பரில் ஒரு ராத்திரி 9.35, ஜனவரியில் ஒரு ராத்திரி 8.31. இடைவெளி 22 நாள் 22 மணி 56 நிமிடம், அதற்குள் 8 சுற்று. வகுத்தால் 2 நாள் 20 மணி 52 நிமிடம்! உண்மையான அளவுக்கு 3 நிமிட வித்தியாசம். ஒவ்வொரு நேரத்திலும் எனக்குக் கால் மணி நேரம் முன்பின் ஆகியிருக்கலாம், ஆனால் அந்தப் பிழையும் 8-ஆல் வகுபட்டுவிடுகிறது. தனி ஊசல் சோதனையில் ஒரு அலைவுக்குப் பதில் 20 அலைவுக்கு நேரம் எடுப்போமே, அதே விஷயம்தான். ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்த ஒரு சோதனை வானத்தில் வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு கேள்வி மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு சுற்றில் இரண்டு மறைப்பு நடக்க வேண்டும், எனக்கு ஏன் ஒன்றுதான் தெரிகிறது? பதில் வெப்பப் பாடத்தில் இருக்கிறது. ஒன்றின் வெப்பநிலை சுமார் 13,000 கெல்வின், மற்றது சுமார் 4,500. ஸ்டெஃபான் - போல்ட்ஸ்மேன் விதிப்படி ஒரே பரப்பிலிருந்து வரும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் மாறும், அதாவது கிட்டத்தட்ட 70 மடங்கு வித்தியாசம். வெப்பமானது மறைந்தால் பெரிய பள்ளம், குளிர்ந்தது மறைந்தால் கண்ணுக்கே தெரியாது.

அந்தக் கோடை விடுமுறையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் மேற்பார்வையில் நாசாவின் டெஸ் (TESS) விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து வேறொரு இரட்டை நட்சத்திரத்தைப் பார்த்தேன். 2018-இல் ஏவப்பட்டது, தரவு யாருக்கும் இலவசம். அங்கேயும் தேவைப்பட்டது இதே இயற்பியல்தான். மடக்கை கை வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பொலிவு எண்ணில் 5 வித்தியாசம் என்றால் ஒளியில் 100 மடங்கு, அல்காலின் 1.3 வித்தியாசம் (2.1-லிருந்து 3.4) என்பது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போவது. சுற்றும் காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியைப் பாடத்தில் சூரியனை அசையாமல் வைத்துப் படிக்கிறோம், இங்கே இரண்டுமே பொது நிறை மையத்தைச் சுற்றுவதால் சூரிய நிறை இருக்கும் இடத்தில் இரண்டின் கூட்டு நிறை வரும், இதை நீங்களே ஒரு தடவை தருவித்துப் பாருங்கள். டாப்ளர் விளைவும் (நகரும் பொருளின் ஒளி அலைநீளம் மாறுவது) வியன் விதியும் (வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறுவது) சூத்திரமாக இல்லாமல் அர்த்தமாகத் தெரிந்தால் போதும். நிஜமாகவே புதிதாகக் கற்றது பைத்தான் என்ற கணினி நிரல்மொழிதான், இரண்டு மாதம் ஆனது.

இடையில் ஒரு இணையவழி நிறுவனம் பணம் கட்டினால் என் பெயரில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டுத் தருவதாகச் சொல்லி அப்பாவுக்கு விடாமல் போன் செய்தது. பணம் கட்டாதீர்கள், உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அல்கால் மாலையிலேயே தெரியும். எந்த ராத்திரி மங்கும் என்று தெரிந்துகொள்ள, ஏற்கனவே தெரிந்த ஒரு நேரத்தோடு 2 நாள் 20 மணி 49 நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நேரம் குறிக்கும் நோட்டில் ஒப்பிட்ட நட்சத்திரத்தின் பெயரையும் வானம் எப்படி இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.