விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு: மல்லாவியிலிருந்து போனவள் சொல்வது

சித்தியின் மகள் அடுத்த தவணையிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள், ஒன்பதாம் ஆண்டு. "நீ ஆறு வருசம் ஹொஸ்டலில நிண்டனிதானே, இவளுக்கு ரெண்டு சொல்லு" என்று சித்தி போன் எடுத்தார். நான் சொல்லத் தொடங்கினால் இரண்டோடு நிற்காது. அதனால் எழுதுகிறேன். அவளைப் போலப் போகிற பிள்ளைகளும் அவர்களின் அம்மா அப்பாவும் வாசித்தால் நல்லது.

நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் மல்லாவிப் பக்கம். நான் ஐந்தாம் ஆண்டு படித்த 2008இல் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, 2010இல் ஊர் திரும்பினோம். வீட்டில் கறண்ட் இல்லை, குப்பி விளக்குத்தான். கிட்டத்துப் பாடசாலையில் கணிதத்துக்கு ஆசிரியர் வருவார், போவார். எல்லாப் பாடசாலையிலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும், இரண்டாம் வகை என்றால் பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். வன்னியில் இந்த 1ஏபிகள் ஒன்றுக்கொன்று நல்ல தூரம். எனக்கு உயிரியல் படிக்க ஆசை. அதனால் 2012 தையில் அப்பா என்னையும் ஒரு ட்றங்குப் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றி, மாங்குளத்தில் இறக்கி, முல்லைத்தீவு பஸ்ஸில் மாற்றி ஏற்றி, ஒட்டுசுட்டானும் தாண்டிக் கொண்டுபோய் விட்டார். பாடசாலையின் பெயர் இங்கே தேவையில்லை.

முதல் கிழமையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பகலில் ஒன்றும் தெரியாது. பின்னேரம் ஆறு மணி ஆனதும், தேவாரம் பாடும் நேரத்தில், தொண்டைக்குள் ஏதோ அடைக்கும். வீட்டில் அந்த நேரம் அம்மா மாட்டுக்கு வைக்கோல் போடுவார். மூன்றாம் நாள் கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் அழுதுகொண்டு நின்றேன். கழுத்தில் கட்டியிருந்த கயிறு அறுந்து பெட்டித் திறப்பு கிணற்றுக்குள் போய்விட்டது. அழுகை இரண்டு மடங்காகியது. பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பதின்மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் வாளியை வைத்துவிட்டு வந்து, "திறப்புக்கு அழுறியோ, வீட்டுக்கு அழுறியோ? திறப்புக்கெண்டால் கல்லால பூட்டை உடைக்கலாம், வா" என்றார். உடைத்தார். ஆறு வருடமும் அந்தப் பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டித்தான் வைத்திருந்தேன். உள்ளே இருந்து ஒரு சாமானும் காணாமல் போகவில்லை, பயற்றம்பணியாரத்தைத் தவிர.

ஆறு மணி அழுகை எனக்கு முதல் தவணை முடிய நின்றது. சில பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை, சிலருக்கு ஒரு வருடம். ஒரேயடியாக நிற்காமல் போனால் அது பிள்ளையின் பலவீனம் இல்லை. வீட்டுக்குக் கூட்டி வருவதும் ஒரு முடிவுதான். என்னோடு வந்த ஒருத்தி திரும்பிப் போய், ஊரில் கலைப்பிரிவில் படித்து இப்போது ஆசிரியையாக இருக்கிறாள்.

சரி, படிப்புக்கு வருவோம். விடுதியில் எல்லாம் மணிதான். காலை நாலரைக்கு ஒரு மணி, படிக்க இருக்க ஒன்று, குளிக்க ஒன்று, பாணும் சம்பலும் சாப்பிட ஒன்று. இரவு ஏழிலிருந்து ஒன்பதரை வரை படிப்பு மண்டபத்தில் எல்லோரும் வரிசையாக இருப்போம். மேற்பார்வைக்கு ஒரு ரீச்சர் நடுவால் நடந்துகொண்டிருப்பார். நித்திரை தூங்கினால் எழும்பி நின்று படிக்கச் சொல்வார். ஊரில் குப்பி விளக்கடியில், தம்பி கொப்பியை இழுக்க இழுக்கப் படித்த எனக்கு இது பெரிய சொத்து. ஒன்பதாம் ஆண்டில் கணிதத்துக்கு இருபதுகளில் எடுத்துக்கொண்டிருந்தவள், பத்தாம் ஆண்டு முடிவில் அறுபதைத் தாண்டினேன். நான் திடீரென்று கெட்டிக்காரியாகிவிடவில்லை. ஒவ்வொரு நாளும் இருத்திவைத்தார்கள், அவ்வளவுதான்.

சாதாரண தரத்துக்கு இந்த மணி போதும் என்றே சொல்வேன். ஒன்பது பாடங்கள். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் ஏறிக்கொண்டே போகும் பாடங்கள் இவை. எங்களுக்கு 2014 மார்கழியில் பரீட்சை. வன்னியில் மார்கழி என்றால் தெரியும்தானே, விடாத மழை. படிப்பைவிட வெள்ளைச் சீருடையைக் காயவைப்பதுதான் பெரிய சோதனை. ஈரத்தோடு மினுக்கிப் போட்டுக்கொண்டு போய் வரலாறு எழுதினேன். (மூன்று சோடி வெள்ளைச் சட்டை கொண்டுபோங்கள். இரண்டு காணாது.)

உயர்தரத்தில்தான் விழுந்தேன். விழுந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டரை வருடமும் இரவு மண்டபத்தில் நான் செய்தது வாசிப்பு. நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போடுவது. மேற்பார்வை ரீச்சருக்கு நான் படிக்கும் பிள்ளை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மணி அடித்தால் இருக்கிறேன், மணி அடித்தால் எழும்புகிறேன், நடுவில் தலை நிமிரவில்லை, வேறென்ன வேண்டும்? 2017 ஆகஸ்டில் மண்டபத்துக்குள் போய் உயிரியல் இரண்டாம் பத்திரத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுதி எனக்குப் பழக்கமே இல்லை என்று. அமைப்புக் கட்டுரை (சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்துக் கேட்கும் கேள்வி) நாலும் கட்டாயம், பிறகு ஆறு கட்டுரைக் கேள்வியில் நாலு. அமைப்புக் கட்டுரையிலேயே இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. கட்டுரை இரண்டுதான் ஒழுங்காக எழுதினேன், மூன்றாவது அரைகுறை, நாலாவதுக்கு இலக்கம் மட்டும் போட்டேன். தெரியாத கேள்வி என்று பார்த்தால் ஒன்றுதான். பெறுபேறு வந்தது: ஒரு சி, இரண்டு எஸ். ஏ, பி, சி, எஸ் என்று இறங்கும் வரிசையில் எஸ் என்றால் வெறும் சித்திதான்.

இரண்டாம் முறை எடுக்க மல்லாவிக்கே வந்துவிட்டேன். இங்கேதான் இன்னொரு பிரச்சினை. வீட்டில் மணி இல்லை. முதல் ஒரு மாதம் நான் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. காலை நாலரைக்குக் கண் தானாக விழிக்கும், படுத்தபடியே கிடப்பேன். ஆறு வருடம் இன்னொருவர் அடித்த மணிக்கு எழும்பியவளுக்குத் தானாக எழும்பத் தெரியவில்லை. அம்மா ஒரு நாள் வாசலில் நின்று, "பிள்ளை, அங்க ஆர் உனக்கு மணி அடிச்சது? இங்க நான் சட்டியில தட்டட்டே?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், எனக்குச் சுட்டது.

பிறகு செய்தது இதுதான். கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குச் சேர்த்தேன், புள்ளித்திட்டத்தோடு. சனிக்கிழமைகளில் பரீட்சை நேரத்துக்கே, காலையில், மேசையில் மணிக்கூட்டை வைத்து எழுதினேன். பல்தேர்வு 50 கேள்விக்கு இரண்டு மணித்தியாலம், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. இரண்டாம் பத்திரத்துக்கு, அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 20 நிமிடம், நாலுக்கும் 80. கட்டுரை ஒன்றுக்கு 25 நிமிடம், நாலுக்கும் 100. கூட்டிப் பார்த்தால் 180, மிச்சமே இல்லை. நேரம் முடிந்தால் பாதி வசனத்திலும் பேனையை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதுதான் மிகவும் கஷ்டம், மனம் விடாது. (இப்போது வாசிக்க மேலதிகமாகப் பத்து நிமிடம் தருகிறார்கள். எந்த நாலு கட்டுரை என்று அதற்குள் முடிவெடுத்துவிடுங்கள்.)

பின்னேரம் புள்ளித்திட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் நானே திருத்துவேன். பிழைத்ததை மட்டும் ஒரு தனிக் கொப்பியில் எழுதினேன்: கேள்வி, நான் எழுதியது, அவர்கள் கேட்டது. ஒரு மாதத்தில் விஷயம் வெளித்தது. எனக்குப் புள்ளி போன இடங்களில் பாதிக்கு மேல் பாடம் தெரியாததால் போகவில்லை. புள்ளித்திட்டம் கேட்கிற சொல்லை எழுதாமல் நாலு வரி சுற்றி எழுதியதால் போயிருந்தது. 2018இல் இரண்டு பி, ஒரு சி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிடைத்தது.

இதையெல்லாம் விடுதியில் இருக்கும்போதே செய்திருக்கலாம். அதற்கு வசதி வீட்டைவிட அங்கேதான் அதிகம். ஞாயிறு காலை எல்லோரும் உடுப்புத் தோய்க்கப் போனால் மண்டபம் காலி. நாலு பேர் சேர்ந்து ஒரு வினாத்தாளை எழுதி, ஆளுக்காள் மாற்றித் திருத்தலாம். நீங்கள் எழுதியதை இன்னொருத்தி வாசித்து "எனக்கு விளங்கேல்லை" என்றால் திருத்துநருக்கும் விளங்காது. இளைய வகுப்புப் பிள்ளை கணக்குக் கேட்டு வந்தால் துரத்தாதீர்கள். இரசாயனவியலில் மூலர் கணக்கு எனக்குச் சரியாக விளங்கியது, பதினோராம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நடுவில் நான் திக்கிய அன்றுதான். அப்புறம், தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது உங்கள் நேர அட்டவணையை நீங்களே எழுதி, ஒருவரும் எழுப்பாமல் நடக்கிறீர்களா என்று பாருங்கள். ஏப்ரல் விடுமுறையில் இரண்டு கிழமை அதைச் செய்து பார்த்திருந்தால், நான் ஒரு மாதத்தைக் கட்டிலில் கழித்திருக்க மாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். சாதாரண தரப் பெறுபேறு நன்றாக வந்ததும் "யாழ்ப்பாணத்தில பெரிய பள்ளிக்கூடத்தில போடுவம்" என்று கிளம்புகிறவர்கள் அதிகம். போகலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். விஞ்ஞானத் துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படை. 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நீங்கள் எந்த மாவட்டம் என்பதை வீட்டு விலாசத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். முல்லைத்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் படித்து, யாழ்ப்பாண மாவட்ட இசட் புள்ளியோடு (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) போட்டி போட வேண்டி வரலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலில் இது விளக்கமாக இருக்கிறது. சேர்க்க முன்னர் அதை ஒரு தரம் வாசியுங்கள். வன்னிக்குள்ளேயே ஒரு விடுதி கிடைத்தால் என் வாக்கு அதற்குத்தான்.

இன்னொன்று. பார்க்க வரும் நாளில் "வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" என்று தொடங்காதீர்கள். என் அப்பா வந்தால் முதலில் கேட்பது "சாப்பாடு காணுமோ?" என்பதுதான். அதற்கு "ஓம்" என்று பொய் சொல்லிவிட்டு மற்ற எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்வேன். பிள்ளை ஒரு ஆளைப் பற்றியோ ஒரு இடத்தைப் பற்றியோ பயமாக இருக்கிறது என்று சொன்னால், விடுதியின் பெயர் பெரியது என்பதற்காகத் தட்டிக்கழிக்காதீர்கள். அன்றைக்கே விசாரியுங்கள்.

சித்தி சாமான் லிஸ்ட்டும் கேட்டார். நுளம்பு வலை, ரோச், பெயர் தைத்த உடுப்புகள், சொந்த வாளி, ஒரு தவணைக்குக் காணக்கூடிய சானிட்டரி பாட், ஒரு சின்ன மேசை மணிக்கூடு. போன் வேண்டாம், அனுமதித்தாலும் வேண்டாம். தின்பண்டம் எவ்வளவு கொடுத்துவிட்டாலும் முதல் இரவோடு சரி, அதனால் நாற்பது பேருக்குப் பகிரக்கூடியதாகக் கொடுத்துவிடுங்கள், கச்சான் நல்லது.

பெட்டி வாங்க வேண்டாம். என்னுடைய ட்றங்குப் பெட்டி மல்லாவி வீட்டில்தான் இருக்கிறது, அப்பா விதைப் பயறு போட்டு வைத்திருக்கிறார். கொட்டிவிட்டுத் துடைத்தால் போதும். பூட்டு மட்டும் புதிதாக வாங்குங்கள், இரண்டு திறப்பு உள்ளதாக. ஒன்றை விடுதி ரீச்சரிடம் கொடுத்துவையுங்கள். அந்தக் கிணற்றுக்கு இன்னும் மூடி போடவில்லையாம்.