ரோபோகாப்பி போட்ட முடிச்சு

பழைய லேப்டாப்பை ஓரங்கட்டும் முன் என் யூசர் ஃபோல்டரை, விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியால், வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் டிஸ்க்கில் இடமே இல்லை.

முதலில் எதுவும் கண்ணில் படவில்லை. மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் மட்டும் போதாது. சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் தனியாக எடுக்க வேண்டும். எடுத்ததும் தெரிந்தது: ஆப்டேட்டா, லோக்கல், அதற்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் இன்னொரு அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள்ளும் அதே.

அது நிஜ ஃபோல்டரே அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயரைத் தேடி வரும் பழைய மென்பொருள்களுக்காக விஸ்டாவிலிருந்து வைத்திருக்கும் ஜங்ஷன், அதாவது வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வழிகாட்டி; லோக்கலுக்கே திரும்பிக் கொண்டுவந்து விடும். சாதாரணமாக யாரும் அதைத் திறந்து உள்ளே இருப்பதைப் பட்டியலிட முடியாது. நான்தான் அட்மினாக, பேக்கப் முறையில் ஓட்டித் தடையைத் தாண்ட வைத்தேன். ஜங்ஷனைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே ஸ்விட்சையும் (கட்டளையோடு சேர்த்து எழுதும் குறிப்பு) மறந்தேன். நகலில் அத்தனையும் நிஜ ஃபோல்டர்களாகிவிட்டன.

டிலீட் கொடுத்தால் பாதை நீளம் என்று மறுப்பு. எக்ஸ்ப்ளோரரின் எல்லை 260 எழுத்து. ஒவ்வொரு அடுக்கும் 17 எழுத்தைத் தின்கிறது. பெயர்களை ஒன்று, இரண்டு என்று சுருக்கிப் பார்த்தேன். பத்தாவது அடுக்கில் பொறுமை போய்விட்டது.

அப்புறம்தான் உறைத்தது, ரோபோகாப்பிக்கு அந்த எல்லை கிடையாதே! ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, அதை மூலமாகவும் குப்பையை இலக்காகவும் கொடுத்து, எம்ஐஆர் ஸ்விட்சோடு ஓட்டினேன். மூலத்தில் இல்லாதது இலக்கிலும் இருக்கக் கூடாது என்பது அதன் கணக்கு. இலக்கைத் தப்பாகக் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில்கூடத் தேட முடியாது. அதனால் முதலில் எல் ஸ்விட்சோடு ஒத்திகை பார்த்தேன்.

நடுவில் ஒரு ஃபோல்டர் அனுமதி இல்லை என்று நின்றது. முப்பது விநாடி காத்து மறுபடி முயல்வது ரோபோகாப்பியின் சுபாவம், அதுவும் பத்து லட்சம் முறை! கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். நிறுத்திவிட்டு, டேக்ஓன் கட்டளையால் உரிமையை வாங்கி, ஐகேக்ல்ஸ் கட்டளையால் முழு அனுமதி கொடுத்து, எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்று சொல்லும் ஆர் ஸ்விட்சில் பூஜ்யம் போட்டு மறுபடி ஓட்டினேன். மளமளவென்று காலியானது.

சரி, நகலை மறுபடி எடுக்க வேண்டுமே. இந்த முறை எக்ஸ்ஜே போட்டேன். முடியும்வரை தூங்கப் போகவில்லை.