ஓடாத இன்ஜினுக்கு எந்த எண்ணெய்?

விமானப்படையில் 1979இல் சேர்ந்து, டகோட்டா விமானங்களின் இன்ஜினோடு ஏழெட்டு ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். 1988இல் டகோட்டாக்களுக்கு விடை கொடுத்தார்கள். எனக்கும் வேறு வேலை வந்தது, பிறகு ஓய்வும் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனைப் போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு பேராசிரியர் தேடி வந்தார். புதுச்சேரிப் பக்கம் அவருடைய கல்லூரிக் கொட்டகையில் ஒரு பழைய ட்வின் வாஸ்ப் கிடக்கிறதாம். பதினான்கு சிலிண்டர், இரண்டு வரிசை, 1,200 குதிரைத்திறன். டகோட்டாவின் அதே இன்ஜின். துருப்பிடிக்காமல் காக்க வேண்டும், விழாவில் மாணவர்கள் கையால் சுற்றிக் காட்ட வேண்டும். "முடிந்தால் ஒருநாள் ஓட்டியும் பார்க்கலாம், அய்யா" என்றார். கடைசி ஆசையைக் காதில் வாங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கன்னியக்கோயில் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொட்டகைக்குள் போனபோது, இரண்டு மாணவர்கள் புரொப்பல்லரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கால் சுற்று வந்து நின்றுவிட்டது. மூன்றாமவன் ஓர் இரும்புக் குழாயோடு வந்தான்.

"தம்பி, கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

ரேடியல் இன்ஜினில் சிலிண்டர்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றிலும் நிற்கும். நிற்கும் காலத்தில் எண்ணெய் மெல்ல வடிந்து கீழ்ச் சிலிண்டர்களுக்குள் இறங்கித் தேங்கும். பெட்ரோல் கலந்த காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அந்த நிலையில் பலம் கொடுத்தால் வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான். பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். அது அதைவிட மோசம். தேங்கியது உறிஞ்சு குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, அடுத்த முறை திரும்பி வரும். செய்ய வேண்டியது ஒன்றே: கீழே இருக்கும் 7, 8, 9 எண் சிலிண்டர்களின் பிளக்குகளைக் கழற்றி வடிய விட வேண்டும்.

கழற்றினோம். எட்டாம் எண்ணிலிருந்து முதலில் வந்தது எண்ணெய் அல்ல, தேநீர் நிறத்தில் தண்ணீர். பிறகு கறுப்பாக, நூலாக, நெடுநேரம் வழிந்தது. தட்டில் ஒரு லிட்டருக்கு மேல் தேறியது. அதன் பிறகு புரொப்பல்லர் ஒரு கையாலேயே சுற்றியது. குழாய் கொண்டுவந்த பையன் அதை என் கண்ணில் படாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

அடுத்தது எந்த எண்ணெய் என்ற கேள்வி. இதற்குத்தான் ஒரு மாதம் போனது.

கல்லூரி வாங்கி வைத்திருந்தது மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் 20டபிள்யூ40. முதுநகர் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் என் மைத்துனனோ, "மாமா, நல்ல டீசல் ஆயிலாக ஊற்றுங்கள். கறுப்பாக மாறினால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்றான். படகுக்கு அவன் சொல்வது சரி. டீசலின் கந்தகத்தால் வரும் அமிலத்தை முறிக்க அந்த எண்ணெயில் கால்சியம் சேர்த்திருக்கிறார்கள். ரேடியல் இன்ஜின் எண்ணெய் குடிக்கும் இன்ஜின். அந்தக் கால்சியம் எரிந்தால் சிலிண்டருக்குள் சாம்பலாகப் படியும். படிந்தது தணல் போலக் கனன்று, பிளக் பொறி கொடுக்கும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். விமான எண்ணெயைச் சாம்பல் இல்லாததாகச் செய்வது இதனால்தான்.

பேராசிரியர் கெட்டிக்காரர். "நாம் ஓட்டவே போவதில்லை என்றால் சாம்பல் எங்கிருந்து வரும்?" என்று மடக்கினார். உண்மைதான், அந்த வாதம் அங்கே விழுந்தது. ஆனால் இன்னொன்று மிச்சம் இருந்தது. கார் எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மானம் உண்டு. இந்தக் குடும்பத்து இன்ஜின்களில், ஒரு வரிசையின் ராட்களையெல்லாம் தாங்கும் மாஸ்டர் ராடின் பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உண்டு. துத்தநாகத்துக்கும் வெள்ளிக்கும் ஆகாது. ரயில்வேயின் ஈ.எம்.டி. என்ற அமெரிக்க நிறுவன வகை டீசல் இன்ஜின்களுக்கும் துத்தநாகம் இல்லாத எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். அங்கேயும் காரணம் வெள்ளிதான். மோட்டார் சைக்கிள் எண்ணெய் கல்லூரி ஜெனரேட்டர்காரரிடம் போனது.

விமான எண்ணெயிலும் இரண்டு சாதி. கலப்பில்லாத கனிம எண்ணெய் ஒன்று. கசட்டைத் தங்கவிடாமல் மிதக்க வைக்கும் சேர்மானத்தோடு வருவது இன்னொன்று. ஏரோஷெல் என்ற விமான எண்ணெய் டப்பாவில் வெறும் 100 என்றிருந்தால் முதல் சாதி, டபிள்யூ100 என்றால் இரண்டாவது. ஒரு மாணவி, "சார், டபிள்யூ என்றால் குளிர்காலத்துக்கு உரியதுதானே?" என்று கேட்டாள். கார் எண்ணெயில் அப்படித்தான். இங்கே அந்த எழுத்துக்கும் குளிருக்கும் தொடர்பில்லை. கெட்டியைக் குறிக்கும் எண்ணும் குழப்பும்: இந்த 100 கார்க்காரர் கணக்கில் 50, 120 என்பது 60.

ஓடுகிற, சுத்தமான இன்ஜின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டபிள்யூ120 சொல்லியிருப்பேன். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கெட்டி வேண்டும். குளிர் நாட்டில் எண்ணெய் வெல்லப்பாகாக உறைந்துபோகும். அதற்காகவே டகோட்டாவில் ஒரு சுவிட்ச் உண்டு. நிறுத்துவதற்கு முன் எண்ணெயில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்து இளக்கிவிடும். கடலூரில் அந்தச் சுவிட்சுக்கு வேலை வராது.

ஆனால் இந்த இன்ஜினின் பூர்வீகம் யாருக்கும் தெரியாது. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றியபோது வலை முழுவதும் கறுப்பு அல்வா. வலையில் இவ்வளவு என்றால் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் தண்டின் உட்குழிகளில் எவ்வளவு இருக்கும்? இத்தனை காலம் அங்கே உறைந்து கிடப்பதைச் சேர்மானம் உள்ள எண்ணெய் பெயர்த்தெடுத்து, பேரிங்குக்குப் போகும் சின்னத் துளைகளில் கொண்டுபோய் அடைக்கும். பிரித்துச் சுத்தம் செய்ய எங்களிடம் கருவியும் இல்லை, பணமும் இல்லை. தூங்குகிற கசட்டை எழுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். கலப்பில்லாத 100.

இதற்கிடையில் சேர்மானம் விற்கிறவர்கள் வேறு. ஒரு கடைக்காரர் சிவப்புக் குப்பி ஒன்றை நீட்டி, இதை ஊற்றினால் இன்ஜின் புதிதாகிவிடும் என்றார். எந்த இன்ஜின் என்றுகூட அவர் கேட்கவில்லை. பேராசிரியரின் அப்பா விளக்கெண்ணெய் ஊற்றச் சொன்னார். சிரிக்காதீர்கள், பெரியவர் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. முதல் உலகப்போரில் சிலிண்டரே புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும் ரோட்டரி இன்ஜின்களுக்கு விளக்கெண்ணெய்தான் போட்டார்கள், அது பெட்ரோலில் கரையாது என்பதால். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் புகையைச் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அது நாளடைவில் பிசினாக இறுகும். நிற்கிற இன்ஜினுக்கு உதவாது.

எனக்கு வேண்டியிருந்த சேர்மானம் ஒன்றே ஒன்று: துருவைத் தடுக்கும் அடர் சேர்மானம். மூன்று பங்கு கனிம எண்ணெய்க்கு ஒரு பங்கு. கலந்தே வரும் வகையும் உண்டு, ஆனால் நாங்கள் விசாரித்த பெங்களூரு வியாபாரியிடம் அப்போது இருப்பு இல்லை. சரக்கு வர மூன்று வாரம், விலையைப் பார்த்த கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட இன்னொரு வாரம்.

வேதியியல் கூடத்தின் வெப்பமானியைத் தொங்கவிட்டு, மின்அடுப்பில் கலவையை 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினோம். சூட்டில்தான் இளகி எல்லா மூலைக்கும் பாயும், ஈரம் இருந்தாலும் ஓடிவிடும். ஒவ்வொரு பிஸ்டனையும் அடிக்கு இறக்கி, பிளக் துளை வழியாகத் தெளித்தோம். பதினான்கு சிலிண்டருக்கும் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஆனது. பிறகு பிளக் இருந்த இடங்களில் நீலச் சிலிக்கா ஜெல் அடைத்த கண்ணாடிக் குப்பிகளைத் திருகினோம். ஈரம் ஏறினால் அது இளஞ்சிவப்பாகும்.

அப்போதுதான் பேராசிரியருக்கு நான் அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். தெளித்த பிறகு புரொப்பல்லரைச் சுற்றக் கூடாது. சுற்றினால் பிஸ்டன் வளையங்கள் அந்தப் பூச்சை வழித்தெடுத்துவிடும். விழாவுக்குச் சுற்றலாம், ஆனால் அன்று மாலையே பதினான்குக்கும் மறுபடி தெளிக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதோ எல்லாவற்றிலும் கெட்டது. சரியாகச் சூடேறாத எண்ணெயில் எரிந்த வாயுவின் ஈரம் அப்படியே தங்கும். அவர் முகம் வாடிவிட்டது. புரொப்பல்லரில் "தொடாதீர்கள்" பலகை தொங்கியது.

ஐப்பசி அடைமழையில் பதினோராம் நாளே குப்பிகள் நிறம் மாறின. ஜெல்லைக் கொட்டி கேன்டீன் அடுப்பில் வறுத்து மறுபடி நீலமாக்கி அடைக்கிறார்கள். குழாய் கொண்டுவந்த பையன்தான் இப்போது அதற்குப் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு ஒரு படம் அனுப்புகிறான். சென்ற வாரம் எட்டாம் எண் மட்டும் ஓரத்தில் சிவந்திருந்தது.