டப்பாவுக்குள் எந்த எண்ணெய்?

ஆன்டெனாவுக்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டரில் மாட்டும் டம்மி லோடு டப்பாவின் மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். காறிப்போன எண்ணெயின் வாடை. இரண்டு வருடத்துக்கு முன் நானே ஊற்றிய சமையல் எண்ணெய் அது. ஊற்றும்போது தெளிந்த மஞ்சளாக இருந்தது, இப்போது பழுப்பேறி, ரெசிஸ்டர்கள் மேல் பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 50 ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 55.6 காட்டியது. 1000 ஓம் ரெசிஸ்டர்கள் 20 இணையாக இருந்தால்தான் 50 வரும். 18 மட்டும் உயிரோடு இருந்தால் 55.6. ஆக, இரண்டு போய்விட்டன.

அப்போது நான் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தேன். அமெச்சூர் ரேடியோ உரிமமும் வைத்திருந்ததால் என் வீட்டு மேசைக்கும் வேலை மேசைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பழுது பார்த்த டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவில் போட்டுச் சோதிக்கக் கூடாது. அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அது இடைஞ்சல். அதனால் சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக மாற்றிக்கொள்ளும் டம்மி லோடு வேண்டும். பிரிவில் இருந்த, கடையில் வாங்கிய லோடு பழுதானபோது, பெயின்ட் டப்பா ஒன்றில் ரெசிஸ்டர்களை எண்ணெயில் முக்கி நானே செய்து கொடுத்தேன். அந்த டப்பாதான் இது.

ரெசிஸ்டர் போனதைவிட வேறு விஷயம் என்னை அதிகம் வருத்தியது. டப்பாவைத் திறப்பதற்கு முந்தைய ஒரு வாரமும் பவர் மீட்டர் சரியில்லாத அளவைக் காட்ட, நான் நல்ல செட்டுகளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இரண்டு செட்டுகளை மறுபடி பிரித்தும் பார்த்துவிட்டேன். அளவுகோலே வளைந்திருந்தால் அதை வைத்து எதை அளப்பது?

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். முதல் முறை நான் சமையல் எண்ணெய் ஊற்றும்போதே பக்கத்தில் நின்று பார்த்தவர். "வேலை செய்யும் தம்பி. எத்தனை நாளைக்குன்னு யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று அதை நான் காதில் வாங்கவில்லை. சமையல் எண்ணெய் 300 டிகிரி தாண்டினால்தான் தீப்பற்றும், டிரான்ஸ்பார்மர் எண்ணெய் 140 டிகிரி பக்கத்திலேயே பற்றும், ஆகவே என் எண்ணெய்தான் பாதுகாப்பானது என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கில் தவறில்லை. ஆனால் தாவர எண்ணெய் காற்றும் சூடும் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிக்கொண்டே போகும். தாமிரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் வேகமாக மாறும். என் டப்பாவுக்குள் மூன்றுமே இருந்தன.

எண்ணெய் வெப்பத்தை அழித்துவிடுவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். டப்பாவில் சுமார் 3.5 லிட்டர் எண்ணெய், எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 கிலோவும் 1 டிகிரி ஏற ஏறக்குறைய 6 கிலோ ஜூல் வேண்டும். 100 வாட் கொடுத்தால் நிமிடத்துக்கு 1 டிகிரி ஏறும். 1000 வாட் கொடுத்தால் நிமிடத்துக்கு 10 டிகிரி. 30 டிகிரியில் ஆரம்பித்தால் ஏழே நிமிடத்தில் 100. டப்பாவின் சுவர் வழியாக வெளியேறும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை, அது மெதுவாக நடக்கிற வேலை. எந்த எண்ணெயை எடுத்தாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. எண்ணெய்க்கு எண்ணெய் பெரிதாக மாறுவது பாகுத்தன்மை, அதாவது எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்பது.

ரெசிஸ்டரை ஒட்டியிருக்கும் எண்ணெய் சூடேறி மேலே போக வேண்டும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த எண்ணெய் வர வேண்டும். எண்ணெய் தடிப்பாக இருந்தால் இந்த ஓட்டம் சோம்பலாகிவிடும். டப்பாவின் வெளிப்புறம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், உள்ளே ரெசிஸ்டரின் உடம்பு மட்டும் கொதிக்கும். சர்வதேசத் தரப்படி டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 12 சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவைத் தாண்டக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபினில் தடித்த வகை 34.5-க்கு மேல், மெல்லிய வகை அதற்குக் கீழே. புது சமையல் எண்ணெயும் 30, 40 அளவில்தான் இருக்கும். ஆனால் பிசினாக மாறிய பிறகு அதன் அளவை யார் சொல்ல முடியும்? இன்ஜின் ஆயிலில் 30-ஆம் நம்பர் என்றால் 100-ஐ ஒட்டி வரும். போதாததற்கு உலோகத்தைக் கழுவும் ரசாயனங்களும் அதில் கலந்திருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எண்ணெயை மட்டும் குறை சொன்னால் நியாயமாகாது. ரெசிஸ்டர்களை நான் மூடியை ஒட்டியே தொங்கவிட்டிருந்தேன். ஒயர் நீண்டால் இண்டக்டன்ஸ் கூடி எஸ்.டபிள்யூ.ஆர். கெடும், அதாவது சக்தியில் ஒரு பங்கு லோடுக்குள் போகாமல் திரும்பி வரும் என்ற பயம். சூடான எண்ணெய் மேலேயே தங்கும் என்பது அப்போது தோன்றவில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் தொட்டால் டப்பாவின் மேல் பாதியில் கை வைக்க முடியாது, அடிப்பாகம் சில்லென்று இருக்கும். மூன்றரை லிட்டர் ஊற்றியும் வேலை செய்தது பாதிதான். இரண்டாவது முறை, ரெசிஸ்டர் கூட்டை அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வைத்து, 50 ஓம் கோஆக்ஸ் கேபிளையே (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது) அதுவரை இறக்கினேன். எஸ்.டபிள்யூ.ஆர். கெடவில்லை, டப்பா முழுக்க ஒரே சீராகச் சூடேறியது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு சக ஊழியர் உதவ வந்தார். மிகப் பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து வடித்த எண்ணெய் கேனில் இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனசோடு சொன்னார். நான் கை நீட்டப் போனேன், மூத்தவர் தடுத்துவிட்டார். பழைய மின்சாதனங்களில் பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற ரசாயனம் கலந்த திரவங்கள் பயன்பட்டிருக்கின்றன. தீப்பற்றாது, கெட்டுப்போகாது என்றுதான் அதை விரும்பிப் போட்டார்கள். அந்தக் கெட்டுப்போகாத குணம்தான் பின்னால் வினையாகியது, மண்ணிலும் உடம்பின் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 1979-ல் அதன் உற்பத்தியைத் தடை செய்தார்கள். 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் முதல் பன்னிரண்டு ரசாயனங்களில் அதுவும் ஒன்று. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. 1960-களில் ஹீத்கிட் நிறுவனம் 'கேன்டெனா' என்ற பெயரில் இதே மாதிரி டப்பா லோடை விற்றது, லோடை வாங்குபவரேதான் எண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே யாராவது பழைய கேன்டெனா கொடுத்தால், உள்ளே இருப்பது என்னவென்று தெரியும்வரை நான் மூடியைத் திறப்பதில்லை.

கடைசியில் வேலையிடத்து டப்பாவுக்கு சீல் உடைக்காத புது டிரான்ஸ்பார்மர் எண்ணெய், வீட்டு டப்பாவுக்கு மெல்லிய திரவ பாரஃபின் என்று முடிவு செய்தேன். வீட்டில் 100 வாட்டுக்கு மேல் போவதில்லை, பாரஃபின் தாராளமாகப் போதும். அதற்கு வாடையும் இல்லை.

அப்புறம் மூடியில் ஒரு சின்னத் துளை. சூடு 60 டிகிரி கூடினால் இந்த எண்ணெய் 4, 5 சதவீதம் விரியும். 3.5 லிட்டருக்கு அது சுமார் 150 மில்லி. அதனால் விளிம்புவரை ஊற்றாமல் இடம் விட்டேன். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் எண்ணெய் தானாக வழி தேடும். கோஆக்ஸின் பின்னலுக்குள் ஏறி கனெக்டர் வழியாக மேசையில் சொட்டும். வேலை இல்லாத நாட்களில் அந்தத் துளையை மூடி வைக்கிறேன், ஈரம் உள்ளே போகாது.

டப்பாவின் பக்கத்தில் பெயின்டால் எழுதியும் வைத்தேன்: என்ன எண்ணெய், ஊற்றிய தேதி, 100 வாட்டில் 30 நிமிடம், 1000 வாட்டில் 3 நிமிடம். வருடத்துக்கு ஒருமுறை திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். நான் அந்தப் பிரிவிலிருந்து கிளம்பிய வருடம் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அந்தக் குப்பியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "தண்ணி மாதிரி இருக்கு சார்," என்றான். மீட்டரையும் அவனையே வைக்கச் சொன்னேன். 50.1.