நேபாளத்திலிருந்து வந்த மார்ட்டினி-ஹென்றி

1898-இலோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கியை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பழம்பொருளாகக் கருதுவதால், 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் ஒன்றை உரிமமின்றி வாங்கினேன். மாநிலச் சட்டத்தை மட்டும் தனியே பார்த்துக்கொண்டேன்.

கண்காட்சியில் எடுத்த அந்த முதல் துப்பாக்கி போலி. வலப்பக்கம் மகுடம், விக்டோரியா ராணியின் பெயர்ச்சுருக்கமான 'வி.ஆர்.', 1879 என்ற ஆண்டு எல்லாம் பார்வைக்குச் சரியாகவே இருந்தன. வீட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையின் பெயரில் 'என்' (N) எழுத்து இடவலம் மாறியிருப்பது தெரிந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத கைபர் கணவாய்ப் பட்டறைக் கொல்லர் அதைப் படம்போல் பார்த்து வெட்டியிருக்க வேண்டும். ராணி 1901-இல் இறந்த பிறகான ஆண்டுகளைத் தாங்கிய 'வி.ஆர்.' முத்திரைகளும் இப்படிப்பட்ட போலிகளில் உண்டு. பணம் போனதைவிட, செய்த ஆண்டை நிரூபிக்க வழியில்லாததால் பழம்பொருள் என்ற சலுகையே கேள்விக்குள்ளானதுதான் என்னை உறுத்தியது. உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டேன்.

அடுத்தது, காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து 2003-இல் மொத்தமாக விற்கப்பட்டு அமெரிக்கா வந்த சரக்கில் ஒன்று. லீவரைக் கீழே இழுத்து, உள்ளே தோட்டா இல்லையென்று உறுதிசெய்த பிறகே மற்றவற்றைப் பார்த்தேன். குழலுக்குள் விளக்கொளி பாய்ச்சியபோது துருக்குழிகள் இருந்தாலும் தோட்டாவைச் சுழலவைக்கும் ஏழு சுழல் பள்ளங்களும் வாய்வரை தெளிவாக ஓடின. திருகாணித் தலைகள் சிதையவில்லை. அதாவது, அரைகுறைக் கைகள் அதைப் பிரித்ததில்லை. உலோகமும் மரமும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்ததால் விலையைக் குறைத்துக் கேட்டேன்.

கெட்டியான பழைய கிரீஸை மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்து எடுக்க மூன்று வார இறுதிகள் ஆயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடிக்கட்டையில் ஒட்டியிருந்த கறுப்பைப் போக்க உப்புத்தாளை எடுத்தேன். பத்து நிமிடத்தில் மரத்தின் நிறம் வெளுத்து, அதில் பொறித்திருந்த தேவநாகரி எண்ணின் கடைசி இலக்கமும் தேய்ந்துவிட்டது. அது ஒன்றா ஒன்பதா என்று இப்போது எந்த வெளிச்சத்திலும் சொல்ல முடியவில்லை.