மிளகாய்ச் சாடியும் கேத்தல் படிவும்

யூன் 4, உப்புவெளி

பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள். "அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ. நல்லா வந்த கன்றெல்லாம் மஞ்சளாப் போகுது. பசளைக் கடையில யூரியா போடச் சொன்னவை. போடட்டோ?"

பொறு என்று சொல்லிவிட்டுப் போனேன். பழைய பெயின்ற் வாளிகளில் மிளகாய், ஓரத்தில் இரண்டு தக்காளி. முதல் தடவையாக வளர்க்கிறாள். வாளியின் அடியில் ஓட்டை போட்டு, செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, கவனமாகத்தான் செய்திருக்கிறாள். கீழ் இலைகள் நல்ல கரும்பச்சை. மஞ்சள் முழுக்க நுனிக் குருத்தில்தான். அதிலும் நரம்புகள் பச்சையாகவே இருக்கின்றன, இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறியிருக்கிறது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பச்சை நூலில் பின்னிய வலை மாதிரி.

நைதரசன் குறைந்தால் முதலில் பழுப்பது கிழட்டு இலை. செடி அங்கிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். மக்னீசியக் குறையும் கீழேயிருந்துதான் தொடங்கும். இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. குருத்து மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். யூரியாவுக்கு இங்கே வேலை இல்லை.

யூன் 5

வாளிக்குள் என்னென்ன போட்டாள் என்று கேட்டேன். வளவு மணல், மாட்டெரு, முட்டைக்கோது. மாமி பூச்சிக்கு என்று அடுப்புச் சாம்பல் தூவியிருக்கிறார். அது போதாதென்று, இணையத்தில் பார்த்து டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் வாங்கிப் போட்டிருக்கிறாள்.

வளவு மணலில் ஒரு கரண்டி எடுத்துப் பீங்கானில் போட்டு வினாகிரி ஊற்றினேன். சுர்ரென்று நுரைத்தது. பிள்ளை கிட்டக் குனிந்து பார்த்தாள். கடல் பக்கத்து மண், சிப்பியும் சோகியும் பொடிந்து கலந்தது. அதெல்லாம் சுண்ணாம்புதானே, வினாகிரி பட்டால் நுரைக்கும். முட்டைக்கோதும் அதே சரக்கு. சாம்பல் இன்னும் கடும் காரம், அதாவது புளிப்புக்கு நேர் எதிர். இதற்கு மேல் டொலமைட் எதற்கு?

அவள் பார்த்த குறிப்பை வாசித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல விபரமான குறிப்பு. ஆனால் கனடாவில் கஞ்சா வளர்ப்பவர்களுக்கு எழுதியது! அங்கே 2018 ஒக்ரோபரில் அதைச் சட்டபூர்வமாக்கினார்கள், பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம். அதனால் சாடி மண்ணைப் பற்றி இணையத்தில் நுணுக்கமாக எழுதுபவர்களில் நிறையப் பேர் அந்த ஆட்கள்தான். இங்கே அது குற்றம், எங்களுக்குப் பச்சை மிளகாய் காய்த்தால் போதும். விசயம் என்னவென்றால், அவர்கள் பாவிப்பது பீற் எனப்படும் சதுப்புநிலப் பாசிமக்கு. அதன் பி.எச். 4 அளவில் நிற்கும், கடும் புளிப்பு. (பி.எச். என்பது புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு. 7 நடு, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம்.) அதை 6க்கு மேல் தூக்கத்தான் டொலமைட். அவர்களுடைய மண்ணுக்கு அது மருந்து. எங்களுடைய மண் ஏற்கெனவே மறுபக்கத்தில் நிற்கிறது.

யூன் 8

அளந்தோம். கடையில் விற்கிற, இரண்டு கம்பியை மண்ணில் குத்தும் மலிவுக் கருவி அவளிடம் இருந்தது. எந்த வாளியில் குத்தினாலும் 7 காட்டுகிறது. வெறும் தண்ணீரிலும் 7. அதைத் தூக்கிப் போடலாம். என்னுடைய பேனை மாதிரியான கருவியை முதலில் பி.எச். தெரிந்த 6.86, 4.01 தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிபார்த்தேன். அப்புறம் ஒரு கோப்பை மண்ணுக்கு ஒரு கோப்பை பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்தது. கலக்கி, அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால் 8.1.

மிளகாய்க்கும் தக்காளிக்கும் 6 முதல் 6.8 வரை இருந்தால் திருப்தி. 8.1க்கும் 6.5க்கும் வித்தியாசம் ஒன்றரைதானே என்றாள். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஒன்று தசம் ஆறு என்றால் சுமார் 40 மடங்கு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, அந்தக் காரத்தில் அது கரையாமல் துருவாய்க் கிடக்கிறது. இரும்புச் சல்பேற்றை வாங்கிப் போட்டாலும் அதே கதிதான்.

கருவி இல்லாதவர்களுக்கு: செவ்வரத்தம் பூவைச் சுடுநீரில் ஊறவைத்த சாற்றில் மண் ஊறிய தெளிந்த நீரை விட்டால், புளிப்புக்குச் சிவப்பாகும், காரத்துக்குப் பச்சை தட்டும். துல்லியமில்லை, ஆனால் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

பிறகு அவள் வீட்டுக் கேத்தலைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் சுண்ணாம்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்றது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, அதாவது கல்சியம் இருகாபனேற்றுதான் கொதிக்கும்போது அப்படிப் படிகிறது. சாடிக்கு நாங்கள் தினமும் ஊற்றுவது இதைத்தான். தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கும். மண்ணை மாற்றிவிட்டுத் தண்ணீரை மாற்றாவிட்டால் ஒரு போகத்துக்குள் திரும்ப இங்கேதான் வந்து நிற்போம்.

யூன் 9

கச்சான் காற்று. வாளிகள் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகின்றன. இரண்டு தரம் ஊற்ற வேண்டியிருக்கிறது, அப்படியென்றால் சுண்ணாம்பும் இரண்டு பங்கு. தக்காளி வாளி ஒன்று சரிந்து கிடந்தது.

யூன் 12

புதுக் கலவைக்குத் தும்புத்தூள் கழுவும் வேலை. அமுக்கிய கட்டியைப் பெரிய பேசினில் ஊறவிட்டால் பொங்கி எழும்புவதைப் பார்க்கவே ஒரு சந்தோசம். முதல் தண்ணீர் கடும் தேயிலைச் சாயம். தென்னை மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு, கடலோரத்தில் ஊறவைத்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். சாயம் வெளிறும் வரை மாற்றி மாற்றிக் கழுவினோம், கிணற்றுச் சுண்ணாம்பு வேண்டாமென்று குழாய்த் தண்ணீரில்தான். ஆனால் நாரோடு ஒட்டிக்கிடக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. அவற்றைத் தள்ளிவிட்டுக் கல்சியம் உட்காரட்டும் என்று, கடைசியாகக் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழிந்தோம். அதற்குப் பதிலாக மாட்டெருவைக் கூட்டினால் போதும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கலவை: தும்புத்தூள் இரண்டு பங்கு, கந்தளாய்ப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மகாவலி ஆற்று மணல் அரைப் பங்கு. ஆற்று மணலிலும் வினாகிரி விட்டுப் பார்த்தோம், நுரைக்கவில்லை. தும்பு மட்டும் என்றால் இந்தக் காற்றுக்கு வாளி நிற்காது, பாரத்துக்காவது மணல் வேண்டும். உமிக்கரி கொஞ்சம், ஒரு கைப்பிடி. அதுவும் காரப் பக்கம் சாய்ந்ததுதான், அள்ளிப் போடக்கூடாது.

யூன் 13

வெயில் தாழ்ந்த பிறகு மாற்றி நட்டோம். வேரோடு ஒட்டிய பழைய மண்ணை முடிந்தவரை உதறினோம். புதுக் கலவை 6.4. பழைய மணலை முருங்கையடியில் கொட்டச் சொன்னேன், முருங்கைக்குச் சுண்ணாம்பு ஒரு பொருட்டில்லை.

அவளுடைய கணவர் கேட்டார்: "அந்த மண்ணுக்கே கந்தகம் போட்டிருக்கலாமே?" நல்ல கேள்வி. மண்ணில் உள்ள பக்டீரியா கந்தகத்தை அமிலமாக்கும், அதற்கு வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு ஆகும். அந்த அமிலம் முதலில் சிப்பித்தூளைத்தான் தின்னும். 100 கிராம் சிப்பித்தூள் தீர 32 கிராம் கந்தகம் வேண்டும். வாளியில் சிப்பி எவ்வளவு என்று யார் கண்டது? மண்ணை மாற்றுவது மலிவு.

யூன் 30

மாற்றி நட்டபின் விட்ட இலைகள் முழுப் பச்சை. பழைய மஞ்சள் இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைக் கிள்ளவேண்டாம், அவையும் வேலை செய்கின்றன.

மாமி சாம்பல் சட்டியோடு வந்தார். "காலங்காலமாப் போட்டனாங்கள், ஒண்டும் ஆகேல்லையே பிள்ளை." உண்மைதான். புளிப்பான மண்ணுள்ள ஊரில் சாம்பல் அருமையான சாமான். அவரை வாழையடிக்குத் திருப்பிவிட்டோம்.

யூலை 21

பூ பிடித்திருக்கிறது. கலவை 6.8க்கு ஏறிவிட்டது. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், வேறு வழியில்லை.

தேசிக்காய் பிழிந்து ஊற்றலாமா என்று கேட்டாள். அளக்கும்போது அழகாக இறங்கும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்தப் புளியைத் தின்று முடித்ததும் காரம் திரும்பி வந்துவிடும். அதைவிட அமோனியம் சல்பேற்று, கடையில் எஸ்.ஏ. என்று கேட்டால் தருவார்கள். அமோனியம் நைத்திரேற்றாக மாறும்போது மண்ணைப் புளிப்பாக்கும், நைதரசனும் கிடைக்கும். வாளிக்குக் கால் தேக்கரண்டி, கரைத்து, ஈர மண்ணில் மட்டும். இரண்டு வாரம் கழித்து அளந்துவிட்டு அடுத்தது.

ஒக்ரோபரில் மாரி தொடங்கினால் கணக்கு தலைகீழாகும். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, கொட்டுகிற கொட்டில் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகும். டொலமைட் பையை எறியவேண்டாம், வாயைக் கட்டி உலர்ந்த இடத்தில் வை என்றேன். 6க்குக் கீழே இறங்கினால் ஒரு தேக்கரண்டி போடலாம்.